ஊர்தியின் உயிர்ப்பட்டை

தோற்றுவாய்

ஒரு மொழியின் ஆற்றலை அதன் பாட்டும் காவியமும் மட்டும் காட்டிவிடுவதில்லை. பட்டறையில் ஒரு போல்ட்டைக் கழற்றும் முறையை அம்மொழியில் பிழையறச் சொல்ல முடிகின்றதா என்பதும் அதனைக் காட்டும். எனவே, தமிழ்த்துறை மலரில் எஞ்சின் பற்றிய கட்டுரை இடம்பெறுதல் கண்டு எவரும் வியக்க வேண்டுவதில்லை. பொருள் விளங்குதலே நோக்கமாதலின், பட்டறைகளில் வழங்கும் சொற்களையே ஈண்டு ஆள்கின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள், பழைய மினிவேன் ஒன்றின் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றுதல் என்பது. மினிவேன் வட அமெரிக்கக் குடும்பங்களின் ஊர்தி. கிரைஸ்லர் நிறுவனம் 1983ஆம் ஆண்டின் இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் எனும் இரு வண்டிகளை வெளியிட்டதிலிருந்து அவ்வகை அங்கு வேரூன்றியது. மூன்று வரிசை இருக்கைகளில் முதியோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து செல்லலாம். அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதனை விரும்பி வாங்குவதுண்டு. இவற்றுள், 1999 முதல் 2004 வரையிலான மாடல்களாக வந்த ஹோண்டா ஒடிசியை நாம் சான்றாகக் கொள்வோம். இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அவ்வண்டிகள், புதிது வாங்க இயலாதார்க்கு இன்றும் துணைநிற்கின்றன. அத்தகைய வண்டியின் ஆயுள் ஒரு ரப்பர்ப் பட்டையைச் சார்ந்து நிற்கின்றது என்பதே நாம் விளக்கப் புகும் செய்தியாகும்.

டைமிங் பெல்ட்டின் பணி

ஒடிசியின் எஞ்சின் 3.5 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் ஆறு சிலிண்டர்களும் மும்மூன்றாக இரு வரிசைகளில், ஆங்கில ‘வி’ வடிவில் அமைந்துள்ளன. ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு வால்வுகள்; ஆக வால்வுகள் 24. அவற்றுட் பாதி, எரிபொருள் கலந்த காற்றை உள்ளே விடுவன. மறுபாதி, எரிந்த புகையை வெளியேற்றுவன. பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குவதால் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கின்றது. வால்வுகளைத் திறப்பதோ ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் உள்ள கேம் ஷாஃப்ட். கிராங்க் இருமுறை சுற்றும் பொழுது கேம் ஒருமுறை சுற்றவேண்டும். இந்த விகிதம் ஒருசிறிதும் பிறழலாகாது. இவற்றைப் பிணைத்து ஒத்தியங்கச் செய்வதே டைமிங் பெல்ட்.

கிராங்க் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுங்கால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகின்றது. இவ்வளவு விரைவிலும் வழுக்கிவிடாதிருக்க, பெல்ட்டின் உட்புறத்தில் பற்கள் அமைந்துள்ளன. வெப்பந்தாங்கும் ரப்பரும், அதனுள் நீளாத கண்ணாடியிழைக் கயிறுகளும், பற்களின்மேல் தேய்மானந் தாங்கும் நைலான் துணியும் சேர்ந்தது அது. கார்களில் இவ்வகைப் பெல்ட்டை 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 எனும் வண்டி கொணர்ந்தது. சங்கிலியைவிட ஓசை குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டாமை ஆகியன அதன் நிறைகள். ஆனால் சங்கிலியின் நீண்ட ஆயுள் அதற்கு இல்லை.

அறுந்தால் நேர்வது

சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும். புதிய பெல்ட்டை மாட்டினால் மீண்டும் ஓடும். ஒடிசியின் எஞ்சின் அத்தகையதன்று. திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடமும், பிஸ்டன் உச்சிக்கு ஏறி வரும் இடமும் அதில் ஒன்றே. இருவர் ஒரே நாற்காலியில் வெவ்வேறு நேரத்தில் அமர்வது போன்றது அது. நேரம் தவறினால் மோதல் உறுதி. பெல்ட் அறுந்தவுடன் கேம்கள் நின்றுவிடுகின்றன. சில வால்வுகள் திறந்தபடியே நிற்கின்றன. கிராங்கோ தன் வேகத்தில் மேலும் சுற்றிப் பிஸ்டன்களை அவற்றின்மீது மோதச் செய்கின்றது. வால்வுகள் வளைகின்றன, சில வேளைகளில் பிஸ்டனும் உடைகின்றது. பழைய வண்டியின் மதிப்பைவிடச் செப்பனிடும் செலவு மிகுந்துவிடுவதும் உண்டு.

இழப்பு பணத்தளவில் நிற்பதன்று. எஞ்சின் நின்றவுடன் ஸ்டியரிங்கிற்குக் கிடைத்துவந்த உதவி மறைந்து, அது கனத்துவிடும். பிரேக்கிற்குரிய உதவியும் ஓரிரு மிதிப்புகளோடு தீர்ந்துவிடும். விரைவுச் சாலையில் குடும்பத்தோடு செல்வார்க்கு இது எத்துணை இடர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

எப்பொழுது மாற்றுவது

பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட்டோ பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை. மூடிகளுக்குள் மறைந்திருப்பதால் அதன் நிலை எளிதிற் புலப்படுவதுமில்லை. வெடிப்பின்றிக் காணப்படும் பெல்ட்டினுள்ளும் இழைகள் நைந்திருக்கக்கூடும். ஆகவே, அறிகுறி கண்டு மாற்றுதல் ஈண்டுப் பொருந்தாது. கணக்கு வைத்து மாற்றுதலே வழி.

அக்கணக்கை ஹோண்டா வகுத்துள்ளது: 1,05,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,68,000 கிலோமீட்டர், அல்லது ஏழாண்டுகள், இவற்றுள் எது முந்துகின்றதோ அது. 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலோ, உறைநிலைக்குக் கீழ் 29 பாகைக்கும் தாழ்ந்த குளிரிலோ அடிக்கடி ஓட்டுவோர் 60,000 மைலிலேயே மாற்றவேண்டும். அரிசோனாவின் கோடையும் கனடியச் சமவெளியின் குளிர்காலமும் இத்தகையன.

பலர் மைலை எண்ணுகின்றனர், ஆண்டை மறந்துவிடுகின்றனர். குறைவாக ஓடிய வண்டி என்று மகிழ்ந்து வாங்குவோர்க்கு இதுவே பொறியாக அமைகின்றது. ஓடாது நின்றாலும் ரப்பர் முதுமையடையும். முன்னவர் பெல்ட்டை மாற்றியதற்கு எழுத்துச் சான்று இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொள்ளுதல் அறிவுடைமை.

வாட்டர் பம்பை உடன் மாற்றுவதேன்?

எஞ்சினைச் சுற்றிக் குளிர்விப்பு நீரைச் செலுத்துவது வாட்டர் பம்ப். ஒடிசியில் அதனைச் சுழற்றுவதும் இதே டைமிங் பெல்ட்தான். இதனால் இரண்டன் விதியும் பிணைந்துவிடுகின்றது. பம்பின் பேரிங் இறுகி நின்றால் பெல்ட்டின் பற்கள் சிதையும். அதன் சீல் பழுதுற்றால் நீர் கசிந்து பெல்ட்டைக் கெடுக்கும். கசிவைக் காட்டுவதற்கென்றே பம்பின் உடலில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அதனடியில் உலர்ந்த கறை காணப்படின் பம்பின் நாள் முடிந்தது எனலாம்.

கசியாத பம்பையும் ஏன் மாற்றவேண்டும் எனும் வினா எழும். பம்பை அடைய வேண்டுமாயின், பெல்ட்டை மாற்றுதற்குரிய அத்தனை பாகங்களையும் கழற்றியாக வேண்டும். செலவின் பெரும்பகுதி பொருளுக்கன்று, உழைப்புக்கே ஆகின்றது. இன்று விட்டுவைத்த பம்ப் ஈராண்டில் கசிந்தால் அவ்வுழைப்பை மீண்டும் முழுமையாகச் செலவிட நேரும். இதே காரணத்தால், பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும், அது தவழ்ந்து செல்லும் கப்பிகளையும் உடன் மாற்றுவர்.

மாற்றும் முறை

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே தொடங்கவேண்டும். பாட்டரியின் எதிர்முனை இணைப்பை நீக்குக. வண்டியின் முன்புறத்தை உயர்த்தி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றுக. பெல்ட் அப்பக்கத்தில்தான் உள்ளது. குளிர்விப்பு நீரை ஒரு கலத்தில் வடித்துக்கொள்க. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும் அணுகாவாறு காத்தல் வேண்டும்.

அடுத்தது கடினமான கட்டம். கிராங்க் கப்பியின் நடுப் போல்ட் 25 கிலோகிராம்-மீட்டர் முறுக்கில் இறுக்கப்படுவது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் விளையும் விசைக்கு அது நிகர். ஆண்டுகள் பல கடந்தபின் அதனைத் தளர்த்த இன்னும் மிகுதியான விசை வேண்டும். கப்பி சுழலாதவாறு பிடிக்கும் தனிக் கருவியும் நீண்ட கைப்பிடியும் இன்றி இதில் இறங்குதல் கூடாது.

பின்னர் எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, அப்பக்கத்து எஞ்சின் மவுண்ட்டையும் பெல்ட்டின் மூடிகளையும் நீக்கலாம். முதற் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்க, கிராங்கிலும் இரு கேம்களிலும் உள்ள குறிகள் அவற்றிற்குரிய இடங்களில் பொருந்தி நிற்கவேண்டும். குறிகளைச் சரிபார்த்த பின்னரே பழைய பெல்ட்டை எடுக்கவேண்டும். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் சட்டெனத் திரும்பிவிடக் கூடுமாதலின் ஈண்டு விழிப்பு தேவை.

பழைய பம்பை நீக்கி, அது அமர்ந்த முகத்தைக் கீறலின்றித் துடைத்து, புதிய ரப்பர் வளையத்தோடு புதிய பம்பைப் பொருத்துக. கிராங்க், கேம் ஆகியவற்றின் எண்ணெய் சீல்கள் கசிகின்றனவா என்பதையும் அப்பொழுதே காண்க. எண்ணெயும் பெல்ட்டுக்குப் பகையே. புதிய பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, வழிகாட்டும் கப்பி, முன்வரிசைக் கேம், வாட்டர் பம்ப், பின்வரிசைக் கேம், இறுக்கும் கப்பி எனும் வரிசையில் மாட்டவேண்டும். அதன்பின் புதிய டென்ஷனரின் ஊசியை உருவினால் பெல்ட் இறுகும்.

இனித்தான் முதன்மையான சோதனை. எஞ்சினை முடுக்கிவிடாமல், கருவிகொண்டு கையாலேயே கிராங்கை வலஞ்சுழியாக ஐந்தாறு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகளை மீண்டும் பார்க்கவேண்டும. ஒரு பல் தவறியிருந்தாலும் மீண்டும் கழற்றுதலே முறை. இடையில் எதுவேனும் தடுத்தால் வலிந்து சுற்றலாகாது. வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்பதன் குறி அது. பதறாத காரியம் சிதறாது என்பது ஈண்டு முற்றும் பொருந்தும்.

அனைத்தையும் மீளப் பூட்டியபின், ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி புதிய குளிர்விப்பு நீரை நிரப்பி எஞ்சினை ஓடவிடுக. ரேடியேட்டர் விசிறி இருமுறை சுழன்று நிற்கும்வரை காற்றுக்குமிழிகள் வெளியேறும். நீர்மட்டம் தாழத் தாழ நிரப்பவேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரும் ஒருமுறை மட்டத்தைப் பார்த்தல் நன்று.

முடிவுரை

வண்டியில் ஓசை எழுந்த பின் பட்டறைக்குச் செல்வது பலர் வழக்கம். அவ்வழக்கத்திற்கு இப்பட்டை இடந்தருவதில்லை. இதற்கு வருமுன் காத்தல் ஒன்றே வழி. வேலை முடிந்ததும், மாற்றிய நாளையும் அன்றைய மைல் அளவையும் ஒரு சிறு தாளில் எழுதி, எஞ்சின் அறையினுள் ஒட்டிவைத்தல் வேண்டும். ஏழாண்டு என்பது மனிதர் மறந்துவிடுவதற்குப் போதுமான காலம். அன்றியும், வண்டி கைமாறுங்கால், அடுத்து வாங்கும் குடும்பத்திற்குப் பெல்ட்டின் வயதைச் சொல்லும் சான்று அத்தாள் ஒன்றே.