எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் உணவு

மிகையான உடற்பருமனுக்குச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழல்போல் ஆக்கப்படுகிறது. தையல் ஆறும்வரை உணவு படிப்படியாகவே தொடங்கப்பெறும். முதல் ஓரிரு நாட்களுக்குத் தெளிந்த நீர்ம உணவு. பின்னர் இரு வாரங்கள் வரை பால், மோர், வடிகட்டிய பருப்புநீர். அதன் பின்னரே மசித்த பருப்பு, தயிர், முட்டை. வழக்கமான சோறும் சப்பாத்தியும் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் கழித்தே இடம்பெறும்.

நம் நாட்டு உணவுப் பழக்கம் இங்கு ஓர் இடர்ப்பாட்டைத் தோற்றுவிக்கிறது. நமது தட்டில் தானியமே முதன்மை பெறுகிறது; ஆனால் நாளொன்றுக்குத் தேவையான சுமார் 60 கிராம் புரதமோ சில கரண்டி உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். ஆதலின் பருப்பும் பன்னீரும் முதலில், சோறு பிறகு. உணவோடு நீர் அருந்தும் வழக்கமும் கைவிடப்படல் வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பருகலாம்.

புலால் உண்ணாதாரிடம் பி-12 உயிர்ச்சத்துக் குறைவு அறுவைக்கு முன்னரே காணப்படுவதுண்டு. பின்னர் அது மிகும். தொடர்ந்து வாந்தி எடுப்பின் தயமின் குன்றி நரம்புகள் பழுதுறக் கூடும். எடை குறைகிறதே என்ற மகிழ்ச்சியில் இதனைப் பொருட்படுத்தாதோர் உளர். இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொள்ள வேண்டியிருப்பதை அறுவைக்கு முன்பே நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உணர்த்தியாக வேண்டும்.