அட்டைப் படம் இல்லாத கேசட்டுகள்

போன மாசம் குரங்கணியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஏழு வீடியோ கேசட்டுகள் கிடைத்தன. கறுப்பு டப்பா, முதுகில் ஒரு ஸ்டிக்கர், அதில் பேனாவால் எழுதிய படப் பெயர். மலை ஈரத்தில் மை கரைந்து நாலு கேசட்டில் பெயரே இல்லை. அட்டைப் படம் எதிலும் கிடையாது. வெளிநாட்டு வீடியோ கடைகளின் அட்டை ஓவியங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த சமயம் என்பதால் உறுத்தியது. நம்ம ஊர்ல ஏன் யாரும் வரையல?

1980களில் அமெரிக்க வாடகைக் கடையில் அலமாரி முன்னால் நிற்பவருக்கு, சின்ன பட்ஜெட் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தயாரிப்பாளரிடம் விளம்பரத்துக்குக் காசும் இல்லை. அதனால் டப்பாவின் முகப்புதான் பெரிய விளம்பரம். சார்லஸ் பேண்டின் 'கூலீஸ்' (1985) விளம்பரத்தில் கழிப்பறைத் தொட்டியிலிருந்து ஒரு குட்டிப் பேய் எட்டிப் பார்க்கும். அந்த விளம்பரம் தயாரான பிறகுதான் காட்சியையே எடுத்துச் சேர்த்ததாகச் சொல்வார்கள்!

கானா நாட்டுக் கதை நமக்கு இன்னும் பக்கம். அங்கே டிவி, விசிஆர், ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்து, ஆயில் பெயிண்டில் வரைந்து தொங்கவிடுவார்கள். வரைந்தவர் பல சமயம் படத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் படத்தில் இல்லாத பாம்பும் மண்டையோடும் சாக்கில் தாராளமாக வரும்.

போடிப் பக்கமும் அதே டெக், அதே ஜெனரேட்டர்தானே? ஆனால் காசு வந்த வழி வேறு. கானாவில் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட். முன்பின் தெரியாத ஆளை உள்ளே இழுக்கணும். இங்கே டெக்குக்கும் கலர் டிவிக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு மொத்த வாடகை. காதுகுத்து, சடங்கு, பொங்கல் என்று விசேஷ வீட்டுக்காரர் எடுப்பார். தியேட்டர் சுவரொட்டியில் பார்த்த, ரேடியோவில் பாட்டுக் கேட்ட படத்தைத்தான் கேட்பார். "மொதல்ல ஒரு சாமி படம், அப்புறம் ரஜினி, ராமராஜன்." சாக்கில் சுற்றி ஏலத்தோட்டம் வரை தலைச்சுமையாகக் கொண்டுபோனதாக அந்த வீட்டுக்காரர் சொன்னார். கேசட்டைக் கையில் வாங்குகிறவருக்குப் பெயர் போதும். ஆசை காட்ட வேண்டியதில்லை.

ஆசை காட்ட வேண்டிய இடத்தில் நம்மாட்களும் வரைந்து தள்ளினார்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்களைப் பாருங்கள். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயனும் கதையை வெளிநாட்டிலிருந்து வாங்கின. பல இதழ்களுக்கு அட்டையைச் சிவகாசியிலேயே வரைய வைத்தன.

கானாவின் சாக்கு ஓவியங்கள் இன்று வெளிநாட்டு கேலரிகளில் தொங்குகின்றன. நம்ம ராத்திரிகளுக்கு மிஞ்சியது இந்த ஸ்டிக்கர்தான். அதையும் நம்ப முடியல. ஏழில் ஒன்றைப் பூஞ்சை துடைத்து மதுரையில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் ரஜினி படம். உள்ளே யாரோ கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"எங்க சின்னத்தா கல்யாணம்ல இது! இத்தன வருஷமா சினிமாப் படம்னுல்ல பரண்ல போட்டு வச்சிருந்தோம்."

பெயரில்லாத நாலையும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.