54 வருடம் ஓடி முடித்த மாரத்தான் தெரியுமா?

ஒரு மாரத்தானை ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று மணி? ஐந்து மணி? ஜப்பான்காரர் ஷிசோ கனகுரிக்கு ஆனது 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 விநாடி சொச்சம்! அச்சுப் பிழை இல்லை, நிஜம்தான்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். கப்பலிலும் சைபீரிய ரயிலிலுமாக 18 நாள் பயணம் செய்து வந்து இறங்கினார், 20 வயதுக் கல்லூரி மாணவர் கனகுரி. மாரத்தான் அன்று வெயில் கொளுத்தியது. அதே பந்தயத்தில் சுருண்டு விழுந்த போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ உயிரையே விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கனகுரிக்கும் பாதி வழியில் தலை சுற்றியது. ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் உட்காரவைத்து, பழச்சாறு கொடுத்துத் தேற்றினார்கள். தெம்பு வந்தது. கூடவே அவமானமும் வந்தது. நடுவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

சும்மா இருந்தாரா? 1920, 1924 ஒலிம்பிக்ஸிலும் ஓடினார். இன்றைக்கும் புத்தாண்டு பிறந்தால் ஜப்பானே பார்க்கும் ஹகோனே தொடர் ஓட்டத்தை 1920-இல் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்தான். ஆனாலும் ஸ்டாக்ஹோம் கணக்கு மட்டும் பாக்கி நின்றது. 1967-இல் சுவீடன்காரர்கள் அழைத்தார்கள், 'வந்து முடித்துவிட்டுப் போங்கள்' என்று! 75 வயதில், நரைத்த தலையோடு, அதே மைதானத்தில் ஓடிவந்து முடிவுக்கோட்டைத் தொட்டார். ஓட்டத்துக்கு நடுவே கல்யாணம் முடித்து, ஆறு பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். என்னைக் கேட்டால் ஒலிம்பிக்ஸ் வரலாற்றிலேயே அழகான முடிவு இதுதான். தங்கம் வென்றவர் பெயர் நமக்கு நினைவில்லை. இவரை மறக்க முடியுமா?

இன்னொருவர் பிரான்ஸின் ராபர்ட் மர்ஷான். ஐந்தடிதான் உயரம். இந்த உயரத்துக்கு சைக்கிள் பந்தயம் சரிப்படாது என்று இளமையில் ஒதுக்கப்பட்டவர். தீயணைப்பு வீரராக வேலை பார்த்தார், கனடாவில் மரம் வெட்டினார். அறுபதைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் சைக்கிளைத் தீவிரமாக எடுத்தார். 2012-இல், நூறு வயதில், ஒரே மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் மிதித்தார். அடேயப்பா என்கிறீர்களா? பொறுங்கள். இரண்டு வருடம் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! வயது ஏற ஏற வேகமும் ஏறியிருக்கிறது!

எப்படி? வெரோனிக் பில்லா என்ற உடலியங்கியல் ஆய்வாளர் அவருக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தார். பயிற்சியில் முக்கால் பங்குக்கு மேல் மெதுவான மிதி, மிச்சம் மட்டும் மூச்சு வாங்கும் மிதி. மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனை உடல் அதிகபட்சம் எவ்வளவு பயன்படுத்துகிறது என்ற கணக்கில் அவருக்கு 13 சதவீதம் கூடியிருந்தது. நூறைத் தாண்டிய உடம்பில்!

'அவர்களெல்லாம் பிறவி வீரர்கள், நமக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்காகவே 1990-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வயது 86 முதல் 96 வரை. முடிவில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர் தானாகவே எழுந்தார். எனக்கு இந்த நாற்காலிச் சேதிதான் மர்ஷானின் சாதனையைவிடப் பெரிதாகப் படுகிறது.

சரி, நன்றாக முடிக்க வேண்டுமென்றால் கடைசியில் பாய வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? 1972 மியூனிக் 800 மீட்டர் இறுதிப் போட்டியைக் கேளுங்கள். தொப்பி போட்ட அமெரிக்கர் டேவ் வாட்டில் தொடக்கத்தில் கடைசி ஆள். முடிவில் ஒவ்வொருவராகத் தாண்டி, 0.03 விநாடியில் தங்கம்! பார்த்தவர்கள் எல்லோரும் புயலாகப் பாய்ந்தார் என்றார்கள். கடிகாரம் வேறு கதை சொல்கிறது. நான்கு 200 மீட்டர்களையும் அவர் ஏறத்தாழ ஒரே 26 விநாடிச் சொச்சத்தில் ஓடியிருந்தார். அவர் பாயவே இல்லை, மற்றவர்கள்தான் தளர்ந்துபோனார்கள்!

முடிவுக்கு இன்னொரு மாயமும் உண்டு. 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் ஆட்களின் கையை ஒரு நிமிடம் சில்லென்ற நீரில் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதோடு இன்னும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மட்டும் நீரின் குளிர் துளி குறைக்கப்பட்டது. 'மறுபடியும் எது வேண்டும்?' என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நீண்ட வேதனையையே கேட்டார்கள்! முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். காலை நடைக்குப் போகிறவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தை மூச்சு வாங்காமல் ஆற அமர நடந்து பாருங்கள். மறுநாள் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

நடைதான் என்றில்லை, விளையாட்டும் ஆகும். ஜப்பானிய முதியோர் கூட்டம் கூட்டமாக ஆடும் கேட்பால் விளையாட்டு தெரியுமா? மரச் சுத்தியால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் ஆட்டம், ஒரு அணிக்கு ஐந்து பேர். போருக்குப் பின் ரப்பர் பந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1947-இல், குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது அது! தாத்தா பாட்டிகள் பிடுங்கிக்கொண்டார்கள்.

நம் பக்கமும் குறைவில்லை. பொள்ளாச்சி அருகே பிறந்து கோவையில் வாழ்ந்த நானம்மாள் பாட்டி சிறுவயதில் அப்பாவிடம் கற்ற யோகாசனத்தைத் தொண்ணூறு கடந்தும் விடவில்லை. 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2019-இல், 99 வயதில் மறைந்தார். பஞ்சாபின் ஃபௌஜா சிங் மாரத்தான் பக்கம் வந்ததே 89 வயதில். நூறாவது வயதில் டொராண்டோவில் முழு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. 2013-இல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிப் பந்தயத்துக்கு விடை சொன்னார், நடைக்குச் சொல்லவில்லை.

அந்த நாற்காலிச் சேதியை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வயது 74. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை காபிக்கு முன், சமையலறை வாசலில் மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து பார்த்தார். முதல் நாள் மூன்று முறை. நேற்று ஒன்பது. பத்தாவதுக்குப் பாதி எழுந்து, உட்கார்ந்து, 'நாளைக்கு' என்றார்.