பழுதடைந்தாலும் காக்க வேண்டிய கடவை

ஆபத்தைத் தடுக்கும் பொறுப்பு ஒரு மின்கருவியிடம் ஒப்படைக்கப்பட்டால், வேண்டிய நேரத்தில் அது தவறாமல் இயங்க வேண்டும். பழுதடைந்தாலும் ஆபத்தில்லாத நிலைக்கே செல்ல வேண்டும். இந்த உறுதிப்பாட்டையே பொறியியலில் செயற்பாட்டுப் பாதுகாப்பு என்பர். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி மக்கள் இதை நாள்தோறும் எதிர்கொள்ளும் இடம் புகையிரதக் கடவை.

போரினால் 1990இல் நின்றுபோன வடக்குக்கான ரயில் சேவை, இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீளமைத்த பின் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சில் பளையையும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. ரயிலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்திருந்த ஊர்களில், வயலுக்கும் பாடசாலைக்கும் செல்லும் வழிகளில் மீண்டும் ரயில் குறுக்கிட்டது. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் பறிபோயின. 2019 ஜூனில் கிளிநொச்சியில் இராணுவ வாகனமொன்று ரயிலுடன் மோதியதில் படையினர் உயிரிழந்தனர்.

மணியும் விளக்கும் பொருத்திய கடவைக்கு ரயில் வருவது எப்படித் தெரியும்? உலகெங்கும் பயன்படும் ஒரு முறை, அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் 1872இல் உருவாக்கிய தண்டவாள மின்சுற்று. தண்டவாளம் வழியே ஓடும் சிறு மின்னோட்டம் ரிலே எனும் மின்காந்த ஆளியைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயிலின் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் மின்னோட்டம் ரிலேயை எட்டாது; ரிலே விழும், மணி ஒலிக்கும். கம்பி அறுந்தாலும் சுற்றுக்கான மின்கலம் தீர்ந்தாலும் ரிலே விழத்தான் செய்யும். பழுது ஏற்பட்டால் ‘ரயில் வருகிறது’ என்றே கருவி முடிவெடுக்கிறது.

ஆனால் விளக்கு எரிவதற்கும் மின்சாரம் வேண்டும். அது அணைந்து கிடந்தால், வீதியில் வருபவர் பாதை திறந்திருப்பதாக எண்ணிவிடுவார். அதனால்தான் மாற்று மின்கலமும், இரட்டை விளக்குகளும், பழுதை உடனே அறிவிக்கும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

இத்தகைய தேவைகளை வரையறுக்கும் அடிப்படைத் தரநியமம் ஐ.ஈ.சி. 61508. ஜெனீவாவிலுள்ள சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998 முதல் 2000 வரை ஏழு பாகங்களாக இதை வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2010இல் வந்தது. ரயில் துறைக்கெனத் தனியாக ஐ.ஈ.சி. 62278, 62279, 62425 ஆகியன உள்ளன.

இவை பாதுகாப்பை நான்கு நிலைகளாக வகுக்கின்றன. தொடர்ந்து இயங்கும் கருவியொன்று முதலாம் நிலையைப் பெற, அதில் ஆபத்தான பழுது ஏற்படும் வாய்ப்பு 1 இலட்சம் மணித்தியாலத்துக்கு ஒன்றிலும் குறைவாக இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 11 ஆண்டு. நான்காம் நிலைக்கு 10 கோடி மணித்தியாலம்; அது ஏறத்தாழ 11,400 ஆண்டு. ரயில்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் சமிக்ஞைக் கருவிகளிடம் பெரும்பாலும் நான்காம் நிலையே எதிர்பார்க்கப்படுகிறது.

எனினும் தரமான கருவியை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. ஆபத்தைக் கணிப்பது முதல் வடிவமைப்பு, பொருத்துதல், பராமரிப்பு, மாற்றம், அகற்றல் வரை ஒவ்வொரு கட்டமும் சோதிக்கப்பட்டுப் பதிவாக வேண்டும் என்கின்றன இத்தரநியமங்கள். இதில் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு விபத்து சான்று: 2023 ஜூன் 2ஆம் திகதி ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், நேர்வழிக்குப் பச்சை விளக்கு எரிந்தும் கிளைப் பாதைக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமிக்ஞைச் சுற்றில் முன்னர் செய்த மாற்றத்திலும், அருகிலிருந்த கடவையின் மின்சாரத் தடுப்புக் கதவை மாற்றும் பணியிலும் நேர்ந்த தவறுகளே காரணம் என விசாரணை கண்டறிந்தது.

வன்னியின் கடவைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மணியும் விளக்கும் பொருத்தினால் மட்டும் போதாது. முறையான சோதனையும் உடனடித் திருத்தமும் தொடர வேண்டும். அணைந்து கிடக்கும் விளக்கை எவரும் அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நின்று இருபுறமும் பார்த்துக் கடந்து, பழுதைப் புகையிரத நிலையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.