வறட்சியும் கால்நடைத் தீவனமும்

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறிந்தது. அன்று அது பெருக்கெடுத்த ஏரி. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இடையில், 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டன. வறட்சி என்றதும் காலிக் குடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. தொழுவத்தில் நிற்கும் மாடு அந்நாள்களில் எதைத் தின்கிறது என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகள் ஏரிகளால் வாழ்ந்த நிலம். அங்கே ஏரி வற்றுவதும் முழு இழப்பாக இருந்ததில்லை. நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் தங்கிய உள்வாயில் அறுகும் கோரையும் தழைக்கும். ஊர் மாடுகள் கோடையின் முற்பகுதியை அதைக் கொண்டே கடந்துவிடும். அதன் பிறகு வைக்கோற்போர் இருந்தது. நன்கு விளைந்த ஓர் ஏக்கர் நெற்கழனி ஏறத்தாழ இரண்டு டன் வைக்கோல் தரும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ என்று வைத்தால், ஆறு மாதத்திற்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் போதும். அதாவது, அரை ஏக்கர்க் கழனி ஒரு பசுவை அரையாண்டு காக்கும்.

1990களின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அது சிறிய செய்தியன்று. எனினும், கழனி ஆலையாகவும் கிடங்காகவும் மனைப்பிரிவாகவும் மாறிய இடத்தில் பசுவின் அரை ஏக்கரும் மறைந்தது. வைக்கோல் இன்று வெளியூரிலிருந்து லாரியில் வர வேண்டிய பொருள். எடை குறைவாகவும் பருமன் மிகுதியாகவும் இருப்பதால் அதன் விலையில் பெரும்பங்கு வண்டி வாடகையே. 2016–17இல் நேர்ந்தது போல் காவிரிப் படுகையிலும் நெல் பொய்த்தால், பணம் கொடுத்தாலும் வைக்கோல் எளிதில் கிடைக்காது. அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவர், விலை சரியும். மழை பெய்த பின் அதே தரத்து மாட்டை வாங்க முனைவோர் கூடுதல் விலை கொடுக்க நேரும். சிறு உழவர் குடும்பம் பல ஆண்டுச் சேமிப்பை இழப்பது இவ்வாறுதான்.

வைக்கோல் கிடைத்துவிட்டால் மட்டும் மாடு பிழைத்துவிடுமா? வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாடும் வறட்சியில் எலும்பும் தோலுமாவதைக் காணலாம். இதன் காரணம் அசையூண் வயிற்றில் உள்ளது. பசுவால் நார்ப்பொருளைத் தானாகச் செரிக்க இயலாது. அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடானு கோடி நுண்ணுயிரிகளே நாரைச் சிதைத்து ஆற்றலாக மாற்றுகின்றன. பின்னர் அந்நுண்ணுயிரிகளே செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதமாகின்றன. ஆகவே உழவர் தீவனம் இடுவது முதலில் பசுவுக்கன்று, அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளுக்கு. அவை பெருகுவதற்கு நைட்ரசன் தேவை. வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. நைட்ரசன் இல்லாமல் நுண்ணுயிரிகள் சோரும்போது, தின்ற வைக்கோல் நகராமல் வயிற்றில் தேங்குகிறது. மாடு மேலும் தின்ன மறுக்கிறது. பார்ப்பவர்க்கு வயிறு நிறைந்திருக்கிறது; உள்ளே பட்டினி.

இந்தக் குறையை நீக்க எளிய முறை ஒன்று உண்டு. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் நன்கு கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதவாறு தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. அது நாரின் இறுக்கத்தைத் தளர்த்துவதோடு புரத மதிப்பையும் ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. நாளுக்கு 5 கிலோ எடுத்தால் 100 கிலோ வைக்கோல் ஒரு பசுவுக்கு 20 நாள் வரும். ஒரு போரை எடுத்துக் கொடுக்கத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னரே அடுத்ததை மூடிவிட்டால் இடைவெளி விழாது. எடுத்த வைக்கோலைச் சிறிது நேரம் காற்றில் உலர்த்தி, அம்மோனியா நெடி தணிந்த பின்பே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. அவற்றின் அசையூண் வயிறு முதிர்ந்திருக்காது. யூரியாவை நேரடியாகத் தொட்டியிலோ குடிநீரிலோ கலப்பது உயிரைப் பறிக்கும். 65 லிட்டர் நீர் என்பது ஒரு கறவைப் பசு கோடையில் ஏறத்தாழ ஒரு நாள் குடிக்கும் அளவு. கிணறு வற்றிய பின் அந்நீரும் அரிதாகும். ஆதலால் பருவமழை பொய்த்தது தெரிந்தவுடனேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

வைக்கோல் போதாதபோது மக்கள் கையில் கிடைப்பதையெல்லாம் மாட்டுக்கு இடுகின்றனர். ஊரைச் சுற்றி உணவகங்களும் விடுதிகளும் பெருகிய இடங்களில் மிஞ்சிய சோறு எளிதாகக் கிடைக்கிறது. பசிக்கும் மாட்டின் முன் ஒரு வாளிச் சோற்றை வைப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் மிகுதியான மாவுப்பொருள் விரைந்து புளித்து லாக்டிக் அமிலமாகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்திச் சாய்ந்துவிடுகிறது. பொங்கலை ஒட்டிய நாள்களில் கால்நடை மருத்துவர்கள் இந்நோயை நன்கு அறிவர்.

சோளப்பயிரில் வேறொரு ஆபத்து. நீரின்றி வாடிக் குன்றிய இளஞ்சோளத்திலும், வெட்டிய தாளிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடை விடுவிக்கும் நஞ்சுப்பொருள் மிகுந்திருக்கும். வயிற்று நுண்ணுயிரிகளே அந்நஞ்சை விரைவாக வெளிப்படுத்துவதால் மாடு சில நிமிடங்களில் இறக்கவும் கூடும். பூத்த பின் அறுத்து, உலர்த்திக் கொடுத்தால் ஆபத்து பெரிதும் குறையும்.

மரத்தழைகளே வறட்சியின் நம்பகமான பசுந்தீவனம். புல் கருகிய பின்னும் ஆழ வேரூன்றிய மரம் பசுமையாக நிற்கும். அகத்தி, கல்யாண முருங்கை, சூபாபுல் ஆகியவற்றின் தழை வைக்கோலில் இல்லாத புரதத்தைத் தருகிறது. சூபாபுலில் மைமோசின் என்னும் நஞ்சு இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது. ஹவாய்த் தீவின் ஆடுகள் அதனை அளவின்றித் தின்றும் நலமாயிருந்ததை ஆஸ்திரேலிய அறிவியலாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டார். அவ்வாடுகளின் வயிற்றில் நஞ்சை முறிக்கும் ஒரு பாக்டீரியா இருந்தது. அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் செலுத்தியபோது அவையும் தாங்கின. அந்நுண்ணுயிரி இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கொங்கு நாட்டின் காங்கேயம் பகுதி மக்கள் மரத்தையும் புல்லையும் ஒரே நிலத்தில் வளர்த்து வறட்சியை எதிர்கொண்டனர். கொறங்காடு எனப்படும் அந்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும், சுற்றிலும் கிளுவை வேலியும் இருக்கும். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். ஒரகடத்தில் அத்தகைய பரப்புக்கு இன்று இடமில்லை. ஆனால் வேலியோரத்தில் பத்து அகத்திக்கு இடமில்லாத வீடு அரிது.

தீவனம் எல்லாவற்றுக்கும் போதாது என்று உறுதியானால், யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்தாக வேண்டும். சினைப்பசு, கறவை, வளரும் கிடேரி ஆகியவற்றுக்கு நல்ல தீவனத்தை ஒதுக்க வேண்டும். விற்க வேண்டிய மாட்டைச் சதை வற்றும்வரை வைத்திருக்காமல் முன்னதாகவே விற்பதே அறிவுடைமை. மனம் ஒப்பாத முடிவுதான். தாமதித்தால் விலையும் போய், அதுவரை அம்மாடு தின்ற தீவனமும் மற்றவற்றுக்கு இல்லாமற் போகும்.

மழை வந்ததும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் வைக்கோல் தின்ற மாடு இளம்புல்லை ஒரேயடியாக மேய்ந்தால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் வரலாம். புதிய உணவுக்கேற்ப நுண்ணுயிரிகள் மாற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை காலையில் சிறிது வைக்கோல் கொடுத்த பின்பே மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்க வேண்டும்; மேயும் நேரத்தையும் நாள்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.