வள்ளியாக நின்றவர் ஔவையாக நிறைந்தார்

ஈரோட்டிலிருந்து கரூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், காவிரிக் கரையை ஒட்டி அமைந்துள்ள திருத்தலம் கொடுமுடி. மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும், வன்னி மரத்தடியில் பிரமனுமாக மூவரும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியிருப்பதால் மும்மூர்த்தித் தலம் என்று போற்றப்படுவது. தேவார மூவரும் பாடிய பெருமையும் இதற்கு உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகத்தை அருளியது இத்தலத்தில்தான். தாம் மறந்தாலும் தம் நாவு ஐந்தெழுத்தை மறவாது என்று அவர் உறுதி கூறிய ஊர் இது.

அந்த ஊரில் 1908-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண் குழந்தையின் நாவும் இறுதிவரை இறைவனைப் பாடுவதற்கே வாய்த்தது. அவரே 'கொடுமுடி கோகிலம்' என்று தமிழகம் கொண்டாடிய கே.பி. சுந்தராம்பாள். ஔவையார் என்றதும் நம் தலைமுறையினரின் மனக்கண்ணில் கையில் கோலும் நெற்றியில் திருநீறுமாகத் தோன்றுவது அவருடைய திருவுருவம்தான். அந்த உருவத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி எளிதானதன்று.

வறுமையில் விளைந்த குரல்

சுந்தராம்பாளின் இளமைக் காலம் மிகுந்த வறுமையில் கழிந்தது. தாயார் பாலாம்பாள் பிள்ளைகளைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டார். ரயிலில் பயணிகளிடையே பாடி, அவர்கள் தரும் சில்லறைக் காசுகளைத் தாயிடம் கொண்டு வந்து கொடுத்த சிறுமி அவர். அந்தக் குரலைக் கேட்டு வியந்த பெரியவர்களின் உதவியால் வேலு நாயரின் நாடகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. தொடக்கத்தில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். பெண் குழந்தையாக இருந்தும் ஆண் பிள்ளையாக மேடையேறிப் பாடினார்.

அந்நாளைய நாடக மேடை இன்றைய தலைமுறை அறியாத ஒன்று. இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த புராண நாடகங்களே பெரும்பாலும் நடிக்கப்பட்டன. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஓரிரவுக்கு ஒன்றுகூடி நடிப்பார்கள். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. அங்கேயே பதில் பாட வேண்டும். உயர்ந்த சுருதியில் பிசிறில்லாமல் நிற்கும் குரலையும், சொற்களை மென்று விழுங்காத உச்சரிப்பையும் சுந்தராம்பாளுக்குத் தந்த பள்ளிக்கூடம் இதுவே.

வேலனும் வள்ளியும்

இலங்கையில் தமிழ் நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்த காலம் அது. வேலு நாயர் குழுவினருடன் அங்கே சென்று பெயர் பெற்றிருந்த சுந்தராம்பாள், 1926-ஆம் ஆண்டு கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து மேடையேறினார். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா, இளம் வயதிலேயே இசை உலகத்தைத் தம் பக்கம் திருப்பியிருந்தவர். அவருக்கு எதிரே நின்று பாடுவது இயலாத காரியம் என்று பலர் சுந்தராம்பாளை எச்சரித்ததாகச் சொல்வார்கள். ஆனால் திரை உயர்ந்ததும் இரு குரல்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நின்றன.

'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும், வேடனாக வந்த வேலவனும் பாட்டாலேயே வாதிடும் காட்சி புகழ் பெற்றது. கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்றபோது, அந்த வாதத்தைக் கேட்கவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். மேடையில் தொடங்கிய அன்பு வாழ்விலும் தொடர்ந்தது. 1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அந்த இல்லறம் முட்கள் நிறைந்ததாகவே அமைந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருவரும் வெவ்வேறு சாதியினர். உறவினரின் மனத்தாங்கலும், இடையிடையே பிரிவும் இருந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இத்தனைக்கும் மேலாக, உடல்நலம் கெட்டிருந்த கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் நாள், தம் இருபத்தெட்டாம் வயதில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

இருபத்தைந்து வயதில் ஒரு சங்கற்பம்

நாடகத்தில் அவருக்கு இணையான நடிகை அன்று இல்லை. அழைப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் அவர் மேடையை விட்டு ஒதுங்கினார். வண்ணப் புடவைகளையும் அணிகலன்களையும் நீக்கி வெண்ணிற ஆடை உடுத்தினார். இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டார்.

இந்த முடிவின் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கால நாடகங்களிலும் திரைப்படங்களிலும் இளம் நடிகைக்கு இருந்த வேடங்கள் பெரும்பாலும் காதலியும் மனைவியுமே. அந்தக் கதவைத் தம் கையாலேயே சாத்திக்கொண்ட ஒரு கலைஞருக்கு எஞ்சியிருப்பது என்ன? தொழிலையே கைவிடுவதுதான் என்று உலகம் நினைத்திருக்கும். சுந்தராம்பாளின் அடுத்த 40 ஆண்டு வாழ்க்கை அதற்கு வேறொரு விடையைக் கண்டது. பற்றைத் துறந்த அடியார்களின் வேடங்கள் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்தன.

நந்தனாராக ஒரு பெண்

அவற்றுள் முதலாவது, 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படம். நந்தனார் ஆண் அடியார். அந்த வேடத்தைச் சுந்தராம்பாளே ஏற்றார். வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இப்படத்துக்காகச் சுந்தராம்பாளுக்கு வழங்கப்பட்ட ஊதியம் 1 லட்சம் ரூபாய். ஒரு முழுப் படத்தையே அந்தத் தொகைக்குள் எடுத்து முடித்துவிடக்கூடிய காலத்தில், ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமிக்கு அந்த மதிப்புக் கிடைத்தது.

தில்லையைக் காண முடியாமல் தவித்த நந்தனாரின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரலில் தமிழகம் கேட்டது. அடியார் நிலையில் ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு இல்லை என்பதை எடுத்துச் சொல்வதுபோல அமைந்தது அது. அடுத்து 1940-இல் வெளிவந்த 'மணிமேகலை'யில், துறவு பூண்டு அமுதசுரபியால் பசிப்பிணி போக்கிய செல்வியாக நடித்தார்.

இதே ஆண்டுகளில் அவருடைய குரல் தேச விடுதலைக்கும் பயன்பட்டது. தீரர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். கதர் உடுத்தினார். தேசியப் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். காந்தியடிகள் கொடுமுடியில் அவருடைய இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறியதாகவும், "உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா?" என்று அடிகள் சிரித்துக்கொண்டே கேட்க, அந்தத் தட்டையே நாட்டுக்காக அளித்துவிட்டதாகவும் ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது. பிற்காலத்தில் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். திரைக்கலைஞர் ஒருவர் சட்டம் இயற்றும் அவையில் இடம்பெறுவது அப்போது புதுமை.

ஔவையின் வேண்டுதல்

ஜெமினி எஸ்.எஸ். வாசன், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில், பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய 'ஔவையார்' 1953-இல் வெளிவந்தது. அதுவே சுந்தராம்பாளின் வாழ்வில் மணிமகுடம். ஊர் ஊராக மாட்டு வண்டிகளில் குடும்பத்தோடு சென்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், கொட்டகைக்குள் கோயிலுக்குச் சென்ற உணர்வைப் பெற்றார்கள்.

ஔவையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. இளம்பெண்ணாக இருந்த அவருக்கு வீட்டார் மணம் பேசுகிறார்கள். தமிழுக்கும் இறைத்தொண்டுக்கும் தம்மை ஒப்படைத்துவிட்ட அவர், பிள்ளையாரின் முன் நின்று தம் இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தரும்படி வேண்டுகிறார். அவ்வாறே மூதாட்டி ஆகிறார். ஔவை வேண்டுதலால் நீத்ததைச் சுந்தராம்பாள் தம் 25-ஆம் வயதில் சங்கற்பத்தால் நீத்திருந்தார். ஆகவே அந்த வேடத்துக்கு ஒப்பனையைக் காட்டிலும் அவருடைய வாழ்க்கையே பெரிதும் துணை நின்றது எனலாம்.

அதன்பின் 1965-இல் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. ஞானப்பழம் கிடைக்காத சினத்தில் பழனி மலைமீது ஏறி நின்ற பாலமுருகனைச் சமாதானம் செய்ய வருகிறார் ஔவை. அந்தக் காட்சியில் சுந்தராம்பாளின் குரலில் தாயின் கனிவும் அடியாரின் உரிமையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 1967-இல் வந்த 'கந்தன் கருணை'யிலும் அவரே ஔவை. ஒரு காலத்தில் வள்ளியாக நின்று வேலவனோடு வாதாடிய குரல், ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் ஔவையாக வந்து அதே வேலவனைக் குழந்தையாகக் கொண்டு பேசியது. மேடையில் வேலனாக நின்ற கணவர் மறைந்துவிட்டார்; வேலவனைப் பாடும் பணி நிற்கவில்லை.

பாட மறுத்த ஒரு வரி

அவருடைய பக்தி வேடத்தோடு கழன்று விடுவதாக இருக்கவில்லை. 1964-இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் வேடம் சுந்தராம்பாளுக்கு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு அடிகள் பாடும் பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் கருத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்ததாம். தெய்வம் இல்லாமற் போயிற்று என்று பொருள்படும் சொல்லைத் தம் வாயால் பாட இயலாது என்று சுந்தராம்பாள் மறுத்துவிட்டார். பகுத்தறிவுக் கொள்கையினரான கருணாநிதி, அந்த அம்மையாரின் நம்பிக்கையை மதித்து, தெய்வம் இங்கே வந்துவிட்டது என்ற கருத்து வருமாறு வரியை மாற்றித் தந்தார் என்பது திரையுலகில் பலரும் சொல்லும் நிகழ்ச்சி. கொள்கையால் வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் மதித்த அழகு இதில் இருக்கிறது. படத்தில் அந்தப் பாட்டைக் கேட்பவர் உள்ளம் இன்றும் உருகவே செய்கிறது.

தேடி வந்த சிறப்புகள்

1969-இல் தேவர் தயாரித்த 'துணைவன்', முருகன் பெருமையைச் சொல்லும் படம். அதில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைச் சுந்தராம்பாள் பெற்றார். அப்போது அவருக்கு வயது 60-ஐக் கடந்திருந்தது. அதையடுத்து 1970-இல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' என்னும் பட்டத்தை அளித்துப் பெருமைப்படுத்தியது.

1973-இல் 'காரைக்கால் அம்மையார்' வெளிவந்தது. இளமைப் பருவப் புனிதவதியாக நடித்தவர் லட்சுமி. அழகு வடிவத்தை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாராக வந்தவர் சுந்தராம்பாள். கணவனுக்காகத் தாங்கியிருந்த உடலழகு இனி வேண்டாம் என்று சிவபெருமானிடம் இறைஞ்சியவர் காரைக்கால் அம்மையார். நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என இந்த வரிசையைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. சங்கற்பத்துக்குப் பின் அவருக்குப் பெரும்பெயர் தந்த வேடங்கள் யாவும் உலகப் பற்றை விட்டு இறைவனையோ அறத்தையோ பற்றியவர்களின் வேடங்கள். அவர் நடிக்க மறுத்த வேடங்களைப் பிறர் நடித்தார்கள். அவருக்கென்று இருந்தவற்றை அவரைப்போல் மற்றொருவர் நடித்திருக்க இயலாது.

47 ஆண்டுத் தவம்

1980-இல் சுந்தராம்பாள் இறைவனடி சேர்ந்தார். 1933-இல் உடுத்திய வெண்ணிற ஆடையை 47 ஆண்டுகள் மாற்றவில்லை. வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரை வற்புறுத்தியவர் யாருமில்லை. அதை மீறச் செய்யும் ஆசைகளோ ஏராளம். இளம் வயதில் வாழ்வின் துணையை இழந்து, எஞ்சிய காலத்தை எப்படிக் கழிப்பது என்று திகைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் சுந்தராம்பாளின் வாழ்க்கை ஓர் ஆறுதல். துயரத்தை அவர் மறைக்கவுமில்லை, அதிலேயே மூழ்கிவிடவுமில்லை. தமக்குக் கிடைத்திருந்த ஒரே செல்வமான குரலை எடுத்து இறைவனின் திருவடியில் வைத்தார். அது அவருக்கு வாழ்வும் தந்தது, வழியும் காட்டியது.

இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் அடியார்களின் வழிநெடுக, ஒலிபெருக்கிகளில் அந்தக் குரல் கணீரென்று எழுகிறது. ஆடிக் கிருத்திகையன்று முருகன் கோயில்களிலும் அதுவே கேட்கிறது. பாடுபவர் யாரென்று அறியாத சிறு பிள்ளைகள்கூட அதோடு சேர்ந்து பாடுகிறார்கள். கொடுமுடியில் சுந்தரர் பெற்ற வரத்தில் ஒரு துளி, அவர் பெயரைத் தாங்கிய இந்த அம்மையாருக்கும் வாய்த்தது போலும். பாடிய உடல் மறைந்தது. நாவின் ஒலி இறைவன் திருநாமத்தை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.