மூன்று வாரப் படுக்கை, முப்பது வருட முதுமை: கணக்கில் விட்டுப்போன 23 கிலோ

அக்டோபர் 1 முதியோர் தினம். அன்றைய நடைப்போட்டிக்குப் பெயர் கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பற்றியவை: மூன்று வாரம் படுத்தால் முப்பது வயது கூடிவிடுமாம். மூட்டு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் படுத்திருந்த வாசகர், “அப்படியானால் எனக்கு நூறு தாண்டிவிட்டதா?” என்று கேட்கிறார்.

செய்தி முழுப் பொய்யில்லை, அரைகுறை. அதன் வேர் பெங்ட் சால்ட்டின் என்ற ஸ்வீடன் நாட்டு உடலியலாளர். ஸ்டாக்ஹோமில் தொடங்கி, பிறகு கோபன்ஹேகனில் தசையையே ஆராய்ந்து, 2014-ல் மறைந்தவர். 1966-ல் அமெரிக்காவின் டாலஸில், அவரும் சகாக்களும் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உச்ச உழைப்பில் அவர்கள் பயன்படுத்திய ஆக்சிஜன் நிமிடத்துக்கு 3.3 லிட்டரிலிருந்து கால் பங்குக்கு மேல் சரிந்தது. 1996-ல் அதே ஐவரையும் கூப்பிட்டு அளந்தபோது 2.9 லிட்டர். முப்பது வருட இழப்பு 11 சதவீதம்தான்.

ஆனால் இது லிட்டர் கணக்கு. இடையில் அவர்களின் சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ ஆகியிருந்தது. படியேறும்போது அந்த 23 கிலோவையும் சேர்த்துத்தானே தூக்க வேண்டும்? கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்தால் சரிவு 27 சதவீதம். படுக்கையும் முப்பது வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளும் ஐந்தே பேர், அத்தனை பேரும் ஆண்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. ஐம்பது வயதில் அவர்களின் இதயம் சோரவில்லை. உச்சத் துடிப்பு 193-லிருந்து 181-க்கு இறங்கியும், துடிப்புக்குத் துடிப்பு கூடுதல் ரத்தத்தைத் தள்ளி, நிமிடத்துக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் இறைத்தது. குறைந்தது, வந்த ரத்தத்திலிருந்து தசை எடுத்துக்கொண்ட ஆக்சிஜன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, வயல் குடிக்கவில்லை. ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பழக்கியதும் பழைய 3.3 லிட்டர் திரும்பியது. அப்போதும் இதயம் இறைக்கும் அளவு ஏறவில்லை. தசைதான் மறுபடி குடிக்கத் தொடங்கியது.

இதற்கான தடயம் சால்ட்டினிடம் 1976-லேயே இருந்தது. ஒரே ஆளின் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். இதயம் இரண்டு காலுக்கும் பொது. ஆனாலும் தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் நொதிகள் பழகிய காலில்தான் கூடின.

2021 முதல் 2030 வரை ஐ.நா.வின் ‘ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு’. ‘நல்வாழ்வுக்கான செயல்திறனைப் பேணுவது’ என்பது ஆரோக்கியமான முதுமைக்கு அதில் தரும் விளக்கம். எந்த அளவுகோலுக்கும் சிக்காத அந்த வாக்கியத்தைவிட, சால்ட்டினின் ஒற்றைக் கால் எனக்கு நன்றாகப் புரிகிறது.

மற்ற கேள்விகள்:

வாரம் 150 நிமிட உடற்பயிற்சி போதுமா? உலக சுகாதார நிறுவனமே 150 முதல் 300 வரை என்கிறது. போஸ்டரில் சின்ன எண்தான் ஏறுகிறது.

தொண்ணூறு வயதில் எடை தூக்கலாமா? 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அந்த வயதுக்காரர்களின் கால் வலு எட்டே வாரத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது, மேற்பார்வையோடு.

புரோட்டீன் பவுடர்? உழைக்காத தசைக்கு அதனால் பெரிய லாபமில்லை.

மூட்டு ஆபரேஷன்காரர் பெயர் கொடுக்கலாமா? இந்த வருடம் வேண்டாம். டாலஸ்காரர்களுக்கே ஆறு மாதம் பிடித்தது.